வீடு நிறைய ஆள் இருந்த ராத்திரி

டிசம்பர் வந்தாச்சு. இந்த மாசம் என்ன பேசலாம்னு கேட்டப்ப, நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருந்தீங்க. "கிறிஸ்மஸ் வருது, போகுது. புது டிரெஸ் போடுறேன், கேக் வெட்டுறேன், ஆராதனைக்கும் போறேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணுமே நடக்கல ப்ரோ. நேரமே இல்ல." இந்தக் கடைசி ரெண்டு வார்த்தையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல்ல ஒண்ணு. இந்த நேரமில்லைங்கிறது சாக்கு கிடையாது, நிஜம். ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு கிளையன்ட் 24ஆம் தேதி லேப்டாப்பை மூடிட்டுப் போயிடுவாங்க, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும். புரொடக்‌ஷன் ஃப்ரீஸுக்கு முன்னாடி ரிலீஸ், ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்டிங், எல்லாம் முடிஞ்சதும் லீவுல யார் ஆன்-கால்ங்கிற பஞ்சாயத்து. வெளிய வந்தா அங்க ஒரு லிஸ்ட். ரயில் ரிசர்வேஷன் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. அக்டோபர் கடைசியில காலையில எட்டு மணிக்கு ரெடியா உக்காந்திருந்தும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் வாங்கினவங்க இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. அதோட கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி வேன்ல கிட்டார், டிரம், வேர்த்து ஊத்துற கிறிஸ்மஸ் தாத்தா, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு டம்ளர் காபி. வீடு வந்து சேர மூணு மணி. ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்.

இதுக்கு வழக்கமா சொல்ற மருந்து என்னன்னா, "எல்லாத்தையும் குறைங்க, அமைதியைத் தேடுங்க." நல்ல அறிவுரைதான். ஆனா அதுல எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. அந்த முதல் கிறிஸ்மஸ் கதையே அமைதியான இடத்துல நடக்கல.

லூக்கா ரெண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. அகுஸ்து ராயன் குடிமதிப்பு எழுதச் சொல்லிட்டான். யோசேப்பு நாசரேத்துல இருந்து தன் சொந்த ஊர் பெத்லகேமுக்குப் போறார். நூறு கிலோமீட்டருக்கு மேல. கூட நிறைமாசக் கர்ப்பிணி. அதாவது கதை தொடங்குறதே ஒரு அரசாங்க டெட்லைன்ல.

இப்ப நம்ம சண்டே ஸ்கூல் நாடகத்துக்கு வருவோம். யோசேப்பும் மரியாளும் கதவைத் தட்டுவாங்க. துண்டைத் தலையில கட்டின ஒரு சத்திரக்காரன் வந்து "இடமில்லை, போங்க"ன்னு விரட்டுவான். ரெண்டு வருஷம் அந்த ரோல் எனக்குத்தான். ஒரே டயலாக்தான், ஆனா கைதட்டல் வரும். வேதாகமத்துல தேடிப் பாருங்க, அந்த சத்திரக்காரன் எங்கயுமே இல்ல. கழுதை இல்ல. தொழுவம்ங்கிற வார்த்தைகூட இல்ல. பிள்ளையை முன்னணையில கிடத்தினாங்க, ஏன்னா சத்திரத்துல இடமில்ல, அவ்வளவுதான் லூக்கா சொல்றது. மத்ததெல்லாம் நாம சேர்த்தது.

அந்த "சத்திரம்"ங்கிற வார்த்தையில ஒரு சுவாரசியம் இருக்கு. தமிழ்ல சத்திரம்னா நமக்கு வழிப்போக்கர் தங்குற இடம்தான் ஞாபகம் வரும், மதுரை ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரம் மாதிரி. ஆனா லூக்கா கிரேக்கத்துல இங்க எழுதின சொல் கட்டாலுமா. அதே சொல்லை 22ஆம் அதிகாரத்துல இன்னொரு தடவை எழுதுறார். இயேசு சீஷர்களோட கடைசி இராப்போஜனம் சாப்பிட்ட இடத்துக்கு. அது சத்திரம் இல்ல, ஒரு வீட்டோட விருந்தினர் அறை. நிஜமான சத்திரமும் அவர் புஸ்தகத்துல வருது, 10ஆம் அதிகாரத்துல நல்ல சமாரியன் கதையில. அங்க அவர் எழுதினது பண்டோகெயோன்ங்கிற வேற சொல். நம்ம தமிழ் வேதாகமத்துல ரெண்டு இடத்துலயும் "சத்திரம்"னுதான் இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு வேற வேரியபிளுக்கு ஒரே பேரு வச்சாச்சு. அப்புறம் குழப்பம் வராம என்ன செய்யும்.

கென்னத் பெய்லின்னு ஒரு அறிஞர். மத்திய கிழக்கு நாடுகள்ல பல வருஷம் புதிய ஏற்பாடு கற்பிச்சவர். அவர் இதை வச்சு ஒரு படம் வரையுறார். அந்தக் காலத்து சாதாரண வீடு ஒரே பெரிய அறை. கொஞ்சம் உசந்த தரையில குடும்பம் படுக்கும், வாசல் பக்கம் தாழ்ந்த தரையில ராத்திரி ஆடு மாட்டைக் கட்டுவாங்க. தீவனத் தொட்டி ரெண்டுக்கும் நடுவுல. விருந்தாளி அறை ஏற்கனவே நிரம்பிடுச்சு, அதனால இவங்களுக்கு வீட்டுக்குள்ளயே, குடும்பத்தோட இடம் கொடுத்தாங்க. பிள்ளையைத் தொட்டியில படுக்க வச்சாங்க. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏத்துக்கிறதில்ல. ரெண்டாம் நூற்றாண்டுலயே ஜஸ்டின்ங்கிறவர் அது ஒரு குகைன்னு எழுதியிருக்கார். பெத்லகேம்ல பிறப்பின் ஆலயமும் ஒரு குகைக்கு மேலதான் நிக்குது. ஆனா நம்ம ஊர்க் கிராமத்துல மழை ராத்திரியில கன்னுக்குட்டியை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து கட்டினதைப் பார்த்தவங்களுக்கு, பெய்லி சொல்றது ஒண்ணும் அதிசயமா இருக்காது.

எனக்கு இந்தப் படம் ஏன் முக்கியம்னா, இதுல மரியாள் தனியா இல்ல. வெறிச்சோடின தொழுவத்துல நட்சத்திர வெளிச்சத்துல ரெண்டு பேர் மட்டும் உக்காந்திருக்கிற கிரீட்டிங் கார்டு இது இல்ல. ஊருக்கு வந்த சொந்தக்காரங்க, தூங்க இடம் தேடுறவங்க, அடுப்பங்கரைப் புகை, குழந்தை அழுகை. நம்ம வீட்டு டிசம்பர் 24 மாதிரியே.

அதுக்கு நடுவுல கதவைத் தட்டிட்டு மேய்ப்பர்கள் வர்றாங்க. அவங்க யாருன்னு யோசிங்க. ராத்திரி மந்தைக்குக் காவல் இருந்தவங்க, அதாவது நைட் ஷிஃப்ட்ல ஆன்-கால்ல இருந்தவங்க. ஆலயத்துல ஜெபம் பண்ணிட்டு இருந்தவங்களை விட்டுட்டு, வேலையில இருந்தவங்களுக்குத்தான் தேவதூதன் முதல்ல சேதி சொல்றான். பார்த்துட்டு, சந்தோஷமா திரும்பிப் போறாங்க. எங்க? அதே மந்தைக்குத்தான். 25ஆம் தேதி ராத்திரி உங்களுக்கு ஷிஃப்ட் விழுந்திருந்தா, நர்ஸ், டெலிவரி, சப்போர்ட் டீம் எதுவா இருந்தாலும், இந்தக் கதையில உங்களுக்கு முதல் வரிசையிலயே ஆள் இருக்கு.

மரியாளைப் பத்தி லூக்கா அங்க ஒரே ஒரு வரிதான் எழுதுறார். நடந்ததையெல்லாம் மனசுல வச்சு யோசிச்சுக்கிட்டே இருந்தாங்கன்னு. பிரசவம் முடிஞ்ச உடம்பு, வீடு நிறைய ஆள், முன்பின் தெரியாதவங்க வேற வந்து நிக்கிறாங்க. அவ்வளவு சத்தத்துக்கு நடுவுலயும் அந்தப் பொண்ணு உள்ளுக்குள்ள எதையோ பத்திரப்படுத்துறா. ஆன்மிகம்னா எனக்கு டிசம்பர்ல இதுதான் நம்பக்கூடியதா தெரியுது. மலைமேல ரிட்ரீட் போறவங்களை நான் குறை சொல்லல. லீவு கிடைச்சா நானும் வர்றேன்.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. "பரபரப்புக்கு நடுவுலயே தேவனைத் தேடலாம்"னு மைக் முன்னாடி உக்காந்து சொல்றது எனக்கு ஈஸி. அந்தப் பரபரப்பை யார் தூக்கிச் சுமக்குறாங்க?

போன மாசம் அம்மாகிட்ட போன்ல இந்த எபிசோடைப் பத்திப் பேசிட்டு இருந்தேன். கிறிஸ்மஸ் ஆராதனையில உங்களுக்குப் பிடிச்ச பகுதி எதும்மான்னு கேட்டேன். அம்மா சிரிச்சாங்க. "நான் எந்த வருஷம்டே முழுசா உக்காந்திருக்கேன்? பிரசங்கம் பாதியில கறி நெனப்பு வந்துரும். ஆசீர்வாதம் சொல்லுததுக்கு முன்ன வெளிய வந்து செருப்பைத் தேடுவேன்." அம்மாவுக்கு 57 வயசு. கல்யாணமாகி முப்பது வருஷம். வீட்டுக்கு வர்றவங்க எண்ணிக்கை எந்த வருஷமும் இருபதுக்குக் குறைஞ்சதில்ல. அதுக்கு முந்தின வாரமே முந்திரிக்கொத்து, முறுக்கு, அதிரசம். அவங்க இதைப் புகாரா சொல்லல, சும்மா ஒரு தகவல் மாதிரி சொன்னாங்க. எனக்கு ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல.

மார்த்தாள் கதை எல்லாருக்கும் தெரியும். அக்கா சமையல்ல ஓடிட்டு இருக்கா, தங்கச்சி இயேசு காலடியில உக்காந்து கேட்டுட்டு இருக்கா, அக்கா புகார் சொல்றா, தங்கச்சி நல்ல பங்கைத் தேர்ந்தெடுத்தான்னு இயேசு சொல்றார். இதை வச்சு எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், "மார்த்தாள் மாதிரி இருக்காதீங்க"ன்னு. பிரசங்கம் முடிஞ்சதும் பந்தி நடக்கும். பரிமாறினது யாரு? மார்த்தாளைத் திட்டிட்டு அவ சமைச்சதை நாம சாப்பிடுறோம். அவளும் உக்காரணும்னு நிஜமா நினைச்சா, கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல யாராவது எழுந்து அடுப்பங்கரைக்குப் போகணும்ல. குறிப்பா தம்பிங்க.

சரி, பிரியாணி ஆர்டர் பண்ணிடலாம்மான்னு கேட்டேன். அம்மா ஒத்துக்கல. "பண்டிகை அன்னைக்கு அடுப்பு பத்த வைக்காத வீடா?" எனக்கும் அது புரியுது. வர்ற இருபது பேருக்கும் வாய்க்கு ருசியா போடுறது அவங்களுக்கு வேலை மட்டும் இல்ல, அதுவும் ஒரு ஆராதனைதான். அதைப் பிடுங்கிட்டு "நீங்க போய் அமைதியா உக்காருங்க"ன்னு சொல்ல நான் யாரு? ரெண்டு நாள் பேச்சுவார்த்தை. கடைசியில மெனுவுல ரெண்டு ஐட்டம் குறைஞ்சது. கறி வாங்குறது, நறுக்குறது, வெங்காயம் உரிக்கிறது எல்லாம் 24 ராத்திரியே நானும் தம்பியும். மசாலா அம்மா பக்குவம், அதுல கை வைக்கக்கூடாது. காலையில விடியற்கால ஆராதனைக்குக் குடும்பமே போகுது. ஆசீர்வாதம் முடியுற வரைக்கும் அம்மா எழுந்திரிக்கக்கூடாது. பதிலுக்கு அம்மாவும் ஒரு கண்டிஷன் போட்டாங்க. கோயிலுக்குள்ள என் போன் வரக்கூடாதாம். ஆன்-கால்ம்மான்னு இழுத்தேன். "ஷிஃப்டை மாத்து"ன்னுட்டாங்க. மாத்தியாச்சு. புது வருஷத்து ராத்திரி எனக்கு.

கிறிஸ்தவங்க இல்லாத நண்பர்களும் இதைக் கேக்குறீங்கன்னு தெரியும். உங்க வீட்டுத் தீபாவளி, பொங்கல், ரம்ஜான் அன்னைக்கு அடுப்பங்கரையில யாரு நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு யூகம் இருக்கு.

இனி ஒரு சின்ன விஷயம், விருப்பப்பட்டவங்களுக்கு. லூக்கா சுவிசேஷத்துல மொத்தம் 24 அதிகாரம். டிசம்பர் 1ல தொடங்கி நாளைக்கு ஒண்ணுன்னு படிச்சா 24ஆம் தேதி முடியும். நிறைய பேர் இப்படிப் படிக்கிறாங்க, நான் கண்டுபிடிச்சது இல்ல. பெருங்களத்தூர்ல மின்சார ரயில் ஏறினா தாம்பரம் தாண்டி கொஞ்ச தூரம் போறதுக்குள்ள ஒரு அதிகாரம் முடிஞ்சிடும். நிக்க இடம் கிடைச்சாப் போதும். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, பிறப்பு ரெண்டாம் தேதியே முடிஞ்சிடும். அப்புறம் அந்தக் குழந்தை வளர்ந்து, ஊர் ஊரா அலைஞ்சு, கண்டவங்க வீட்டுல சாப்பிட்டு, அதுக்காகத் திட்டு வாங்கி, 23ஆம் தேதி சிலுவையில நிக்கும். கேக்குக்கு மாவு பிசையுற அன்னைக்கு நீங்க சிலுவையைப் படிச்சிட்டு இருப்பீங்க. 24 உயிர்த்தெழுதல். அன்னைக்குச் சாயங்காலம் எம்மாவு ஊர்ல சாப்பாட்டு மேசையில, அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறப்பத்தான் அவரை அடையாளம் கண்டுக்கிறாங்க. மறுபடியும் ஒரு வீடு, மறுபடியும் ஒரு சாப்பாடு.

பத்தாம் தேதி மார்த்தாள் வருவா. சத்திரமும் அன்னைக்குத்தான் வரும், கவனிங்க. நடுவுல ரெண்டு மூணு நாள் விட்டுப்போச்சுன்னா சேர்த்துப் படிச்சுக்கலாம், யாரும் டிக்கெட் ரெய்ஸ் பண்ணமாட்டாங்க. நான் 24 ராத்திரி வெங்காயம் உரிச்சுட்டு இருப்பேன், அதனால அந்த வாரம் எபிசோடு கிடையாது. ஜனவரியில பார்க்கலாம்.