செய்பவர் படிக்கும் தமிழ்

இந்தக் கருத்தரங்கில் பேராசிரியர்களோடும் ஆய்வு மாணவர்களோடும், வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் அச்சகத் தோழர்களும் பட்டாசு ஆலைப் போர்மேன்களும் அமர்ந்திருக்கிறார்கள்.

எளிய உரைநடையைப் பற்றிப் பேசச் சிவகாசியை விடப் பொருத்தமான ஊர் அமையாது. காலண்டரும் லேபிளும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் ஊர் இது. தப்பாகப் படித்தால் கையோ உயிரோ போய்விடக்கூடிய வாக்கியங்களும் இங்கேதான் ஆலைச் சுவர்களில் எழுதப்படுகின்றன.

எளிமை நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டு பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். எட்டயபுரத்துப் பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையிலேயே எளிய பதங்களுக்கும் எளிய நடைக்கும் வாதாடினார். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், சாதாரண மக்கள் பேசுகிற தமிழில் செய்தி எழுதச் சொல்லித் தம் நிருபர்களைப் பழக்கினார். இம்மூவரும் எளிமையை வற்புறுத்தினார்கள். எழுதியது எளிதாக அமைந்ததா என்று சோதித்துப் பார்க்கும் முறையை வகுக்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

அமெரிக்காவில் ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் ஒரு சூத்திரம் தந்தார். வாக்கியத்தில் எத்தனை சொற்கள், சொல்லில் எத்தனை ஒலித்துண்டுகள் என்று எண்ணி, ஒரு பத்தி எவ்வளவு எளிது என்று மதிப்பெண் இடுவது அது. ஆங்கிலத்துக்காகச் செய்த அந்தக் கணக்கு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘வரமாட்டார்களாம்’ என்பது நீளமான சொல். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். ‘உராய்வு’ குட்டிச் சொல். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் இருப்பவர் வாயில் வருவதோ ‘உரசல்’தான். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. அதற்கு முன்னால் எத்தனை எச்சங்களும் தொகைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவையும் வாசகர் மனத்தில் சுமந்தபடி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை அளந்தால்தான் தமிழின் கடினம் பிடிபடும்.

ஆலைச் சுவரில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “உராய்வினால் ஏற்படக்கூடிய தீ விபத்துகளைத் தவிர்க்கும் பொருட்டு இரும்பினாலான உபகரணங்கள் பயன்படுத்தப்படுதல் தடை செய்யப்பட்டுள்ளது.” இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் யார் செய்யக் கூடாது என்பது அதில் இல்லை. தடை என்பது கடைசியில்தான் தெரிகிறது. “இரும்புக் கருவியால் மருந்தைத் தொடாதீர்கள். உரசினால் தீப்பிடிக்கும்” என்று எழுதினால் காரியமும் காரணமும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

வெட்டிச் சுருக்குவதெல்லாம் எளிமையாகிவிடாது. “மருந்து அதிகம் கலக்காதே” என்பது சுருக்கமானது. எது அதிகம் என்று சொல்லாததால் பயனற்றது. “அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டும் கலக்குங்கள். மிச்சம் வைத்து அறையைப் பூட்டாதீர்கள்” என்பது நீளம், அதுதான் தெளிவு.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட விபத்துகளுக்கு வாக்கியத்தின் மேல் பழி போட நான் வரவில்லை. அளவுக்கு மீறிய மருந்தையும் ஆட்களையும் நல்ல உரைநடை தடுத்துவிடாது. ஆனால் நல்ல உரைநடையால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. “பணியாளர் எண்ணிக்கை வரையறைக்கு உட்பட்டு இருத்தல் வேண்டும்” என்ற பலகையை வைத்து யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. “இந்த அறையில் நான்கு பேர் மட்டும்” என்று எழுதியிருந்தால், ஐந்தாவதாக அனுப்பப்படுகிறவர் அதைக் காட்டி வாசலிலேயே நிற்கலாம். புரிகிற எழுத்து படிப்பவர் கையில் ஓர் உரிமையைக் கொடுக்கிறது. புரியாத எழுத்தோ, எழுதியவரை மட்டும் காப்பாற்றுகிறது. எளிமையை நான் நடையழகின் கணக்கில் வைக்காமல் நியாயத்தின் கணக்கில் வைப்பது இதனால்தான்.

ஆகவே அமர்வுகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, ஆய்வாளர் வில்சன் டெய்லர் 1953இல் முன்வைத்த வாசிப்பெளிமைச் சோதனையைத் தமிழில் செய்து பாருங்கள். ஒரு பத்தியில் ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை நீக்கிவிட்டு, வாசகரை நிரப்பச் சொல்வது அது. நம் சொல்லோடு வேற்றுமையும் காலமும் இடமும் ஒட்டி வருவதால், பகுதியைச் சரியாகச் சொல்லி விகுதியை மாற்றிச் சொன்னவருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாவது, எழுதியதை, அந்த வேலையைச் செய்பவரிடம் படிக்கக் கொடுங்கள். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் “புரிந்தது” என்பார்கள். “இதைப் படித்தபின் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் வேறாக இருந்தால், திருத்த வேண்டியது வாக்கியத்தை.

இங்கே படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளுக்கும் இதே சோதனை உண்டு. முன்வரிசைப் போர்மேன்கள் கை தூக்கினால், கட்டுரையாளர் நிறுத்தி வேறு சொற்களில் சொல்ல வேண்டும் என்று தலைவர் என்ற முறையில் விதிக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்; முதல் அமர்வு நடக்கட்டும்.