சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது



இங்கே கார் ஓட்டுபவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். ஓட்டாதவர்களும் வந்திருக்கிறீர்கள். சில வீடுகளில் கணவர் கார் ஓட்டுவார். கார்க் கடனை அக்கா கட்டுவார். இருவருக்கும் சேர்த்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 2022-இல் மாவட்டம் பிரிந்தது. ஆனால் நம் வாடகைக் கார்களுக்குப் பிழைப்பு இன்றும் இந்தச் சாலையில்தான். விடியற்காலை நான்கு மணி. திருமலைக்குப் போகிறவர்கள் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்கள். சாவியைத் திருப்புகிறோம். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வந்தவர்கள் வேறு காரைப் பிடித்துப் போய்விடுவார்கள். அன்றைய வாடகை போயிற்று.

அடியோடு நின்றுபோன வண்டியைப் பழுது பார்ப்பது எளிது. சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது என்கிற வண்டிதான் தொல்லை. பட்டறைக்குக் கொண்டு போனால் நல்ல பிள்ளை போல முதல் திருப்பிலேயே எடுக்கும். மெக்கானிக் என்ன செய்வார், பாவம்! ஏதோ ஒன்றை மாற்றிப் பார்ப்பார். பணம் நம்முடையது.

முதலில் டீசல் இன்ஜினைத் தெரிந்துகொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். அடித்து முடித்ததும் பம்பின் அடியைத் தொட்டால் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். இதே வழியில் இன்ஜின் செய்ய முடியும் என்று எண்ணினார் ருடால்ஃப் டீசல். அவர் ஜெர்மனி நாட்டு இன்ஜினியர். 1897-இல் அவருடைய இன்ஜின் நன்றாக ஓடிக் காட்டியது. பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் எரியும்.

ஆகவே இன்ஜினை வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு போதாது. சுற்றிவிடும் மோட்டாரைத்தான் நாம் செல்ஃப் என்கிறோம். அடுத்து, டீசல் காற்றுக் கலக்காமல் வந்து சேர வேண்டும்.

வண்டி எடுக்காதபோது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றவில்லையா? சுற்றவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் டீசல் வரும் வழியில். இந்தக் கேள்வியைக் கேட்காமல் புது பேட்டரி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

சித்தூரில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு தம்பிக்கு இப்படித்தான் நடந்தது. வண்டி சில நேரம் "டிக்" என்று நின்றுவிடும். ஆள் வைத்துத் தள்ளினால் எடுக்கும். புது பேட்டரி போட்டார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மறுபடியும் "டிக்". செல்ஃபைக் கழற்றிப் புது கார்பன் போட்டார். ஒரு வாரம் சரி. மறுபடியும் "டிக்". அந்த மாதத் தவணை கட்டப் பணம் இல்லை.

அவர் மனைவி அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். டுவாக்ரா சங்கத்தின் கணக்கு நோட்டைப் பார்த்துப் பழகியவர். "எப்போது எடுக்கவில்லை என்று எழுதி வைப்போமே" என்றார். தம்பி வந்து சொல்லச் சொல்ல இவர் எழுதினார். இப்படி இருந்தது அந்த நோட்டு:

திங்கள். காலை 5 மணி. வீடு. உடனே எடுத்தது.
திங்கள். பகல் 11 மணி. அலிபிரி. இன்ஜின் சூடு. டிக் சத்தம். விளக்கு பளிச்சென்று எரிந்தது.
புதன். காலை 6 மணி. வீடு. உடனே எடுத்தது.
புதன். பகல் 2 மணி. திருமலை ஏறி நின்றபின். டிக் சத்தம். விளக்கு பளிச்.

பத்து நாள் எழுதினார்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரு நாளும் மறுக்கவில்லை. சூடான இன்ஜின்தான் மறுத்தது. மலை ஏறி இறங்கினால் இன்ஜின் நன்றாகச் சூடேறும். (திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இல் வந்தது. இரண்டாவது 1974-இல் வந்தது. இப்போது ஏற ஒன்று, இறங்க ஒன்று.)

இன்னொரு செய்தியும் நோட்டில் இருந்தது. சாவியைத் திருப்பும்போது முன்விளக்கு மங்கவில்லை. விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரி முனை சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு மங்காமல் "டிக்" மட்டும் வந்தால் பேட்டரியில் சக்தி இருக்கிறது. அது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை.

நோட்டைப் படித்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. வண்டி சூடாகட்டும் என்று ஓட்டி வந்தார். "டிக்" வந்தது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கனமான ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டினார். மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுற்றியது. எர்த் பட்டைதான் கோளாறு என்று தெரிந்துவிட்டது.

எர்த் பட்டை என்றால் என்ன? இன்ஜினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் செம்புப் பின்னல். அதில் பாதி இழைகள் அறுந்திருந்தன. போல்ட்டுக்கு அடியில் துருப் பிடித்திருந்தது. ஒரு முன்விளக்குக்குச் சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். டீசல் காரின் செல்ஃபுக்கு 200 ஆம்பியரும் அதற்கு மேலும் வேண்டும். மீதி இழைகள் அவ்வளவைத் தாங்கவில்லை. சூடானால் இன்னும் மோசம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதும் இதே பட்டை வழியாகத்தான். அதுவும் சரியாக ஏறவில்லை. அதனால்தான் புது பேட்டரி இரண்டு வாரம் மட்டும் காப்பாற்றியது.

பட்டையை மாற்றி, துருவைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கினார். செலவு பேட்டரி விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இந்தக் கோளாறுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் அல்லது கிளட்ச் கேபிள் சுடும். வழி கிடைக்காத மின்சாரம் அதில் புகுந்து போகும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நாமே துடைக்கலாம். கழித்தல் முனையை முதலில் கழற்றுங்கள். அதையே கடைசியில் மாட்டுங்கள். ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உலர்த்தி, வாசலின் தடவுங்கள். சோடா நீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. பக்கத்தில் பீடி வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றும்.

இனி, இன்ஜின் சுற்றியும் பற்றாத வண்டி. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? ராத்திரி முழுக்க நின்றபின் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறதா? முகப்பு மேடாக நின்றால் இன்னும் மோசமா? அப்படியானால் டீசல் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. டீசல் டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் கசியாது. உள்ளே இழுக்கும் குழாய் அல்லவா! ஃபில்டருக்கு வரும் வழியில் கொஞ்ச தூரம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டிப் பார்த்தால் குமிழி தெரியும். பழைய கிளிப்பும் ஃபில்டர் வாஷரும்தான் பெரும்பாலும் காரணம். மழைக்காலத்தில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

குளிர்ந்த காலையில் மட்டும் தகராறு, வெள்ளைப் புகை, உதறல் என்றால் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். மதனப்பள்ளிப் பக்கத்து மார்கழியில் இது நன்றாகத் தெரியும்.

செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆற விடுங்கள். மலைப்பாதையில் உருட்டி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் போல இறுகிவிடும்.

புதுக் கார்களில் டீசல் குழாயின் அழுத்தம் மிக மிக அதிகம். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தக் குழாய்களை நீங்கள் கழற்றக் கூடாது. ஆனால் நோட்டு எழுதலாம். எர்த் பட்டையைப் பார்க்கலாம்.

வெளியே நம் அண்ணன் ஒருவரின் கார் நிற்கிறது. வாருங்கள், பானட்டைத் திறந்து அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.