மானுக்கு மரம் வேண்டாமுங்க, புல்லு போதும்

(பவானி நகர ஐடி விங் கூட்டத்தில் நம் அணித் தம்பி பேசியது)

போன மாசம் கோடியக்கரை சரணாலயம் போயிருந்தோம். கடலோரமா 21 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். 1967-ல் வெளிமானைக் காப்பாத்தறதுக்காக அறிவிச்சது. பூநாரை பார்க்கத்தான் போனோம், அது தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரி தெரிஞ்சதோட சரி. மனசுல நின்னது மான்தான்.

பேர்லயே 'வெளி' இருக்குதுங்க. எதிரியைத் தூரத்துலயே பார்த்து, ஓடித் தப்பிக்கற மிருகம். அந்தப் புல்வெளியைத்தான் சீமைக்கருவேலம் தின்னுட்டு வருது. காயைத் தின்ற மானும் குதிரையுமே விதையைப் பரப்புதுங்க. வனத்துறை வெட்ட வெட்ட முளைக்குது. நம்ம பவானிசாகர், மாயாறு பக்கமும் இதே மான், இதே மரம்.

இதை ஏன் இங்க பேசறேன்? தலைவர் பிறந்தநாளுக்கு மரக்கன்று நடறோம், போட்டோ போடறோம். எண்ணிக்கை காட்டறதுக்காக மேய்ச்சல் நிலத்துலயும் நட்டிருக்கோம். நானும் நட்டவன்தான். சீமைக்கருவேலமும் விறகுக்கு ஆகும்னு நல்லெண்ணத்துல வந்த மரம்தானுங்களே!

இந்த வருஷம் வேம்பு, புங்கன் எல்லாம் ரோட்டோரமும் பள்ளிக்கூடத்துலயும் நடுவோம். புல்லு நிலத்தை விட்டுடுவோம். பதிலுக்கு, முறையா அனுமதி வாங்கி, நம்மூர்க் குளத்துல ஒண்ணுல சீமைக்கருவேலத்தை வேரோட எடுப்போம். மறுபடி முளைக்கும், அதனால மூணு வருஷம் வரணும். வர்றவங்க இன்னிக்கே நகர வாட்ஸ்அப் குரூப்ல பேர் போடுங்க.