யார் வீட்டுக் கூடை?

(சாணார்பட்டியில் பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விலைவாசிப் புள்ளி என்றதும், அது ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம் என்று எழுந்து போய்விடாதீர்கள். மில் தோழரின் பஞ்சப்படி அந்தப் புள்ளியில்தான் தொங்குகிறது. புள்ளி ஏறினால் படி ஏறும். புள்ளி படுத்தால் படியும் படுக்கும். நாங்களும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள்தான். எங்களுக்கும் இது முதலில் விளங்கவில்லை.

புள்ளியை எப்படி எடுக்கிறார்கள்? சில ஆயிரம் தொழிலாளி வீடுகளுக்குப் போய், அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறார்கள். அதை வைத்து ஒரு கூடை கட்டுகிறார்கள். பிறகு மாதாமாதம் அந்தக் கூடைக்கு விலை கேட்கிறார்கள். அப்படியானால் அது யார் வீட்டுக் கூடை, எந்த வருஷத்துக் கூடை என்று நாம் கேட்க வேண்டாமா?

நம் ஜனங்கள் கூலிகளாய்க் கப்பலேறிப் போன இரண்டு தீவுகளைப் பார்ப்போம்.

முதலில் இலங்கை. 1949-50ல் கொழும்பு நகரத்துத் தொழிலாளி வீடுகளில் கணக்கெடுத்தார்கள். 1952ஐ நூறு என்று வைத்துப் புள்ளி போட்டார்கள். அந்தக் கூடைக்கு மாற்றாகப் புதிய கூடை வந்தது எப்போது? 2007ன் இறுதியில்! கணக்கெடுத்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை பேரன் எடுத்த பிறகும் அதே கூடை. பஸ் கட்டணமும் பள்ளிச் செலவும் மருந்துச் செலவும் அதற்குள் எங்கேயோ போய்விட்டன. அதுவும் கொழும்புக் கூடை. நுவரெலியா மலையில் கொழுந்து பறிக்கும் பெண் கொழும்புக் கடையிலா சாமான் வாங்குகிறாள்? நாடு முழுவதற்குமான புள்ளி 2015ல்தான் வந்தது. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பீர்களானால், 2022 செப்டம்பரைப் பாருங்கள். அந்த நெருக்கடியில் ஒரு வருஷ விலையேற்றம் கொழும்புப் புள்ளிப்படி நூற்றுக்கு 69.8, நாடு முழுவதற்கும் 73.7.

அடுத்தது மொரீஷியஸ். நம் திண்டுக்கல் ஜில்லாவைவிட ஜனத்தொகை குறைந்த நாடு. அங்கே 2001-02, 2006-07, 2012, 2017, 2023 என்று ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வீடுவீடாய்ப் போய்க் கூடையைப் புதுப்பித்திருக்கிறார்கள். வருஷா வருஷம் சர்க்காரும் முதலாளிகளும் சங்கங்களும் விலையேற்ற ஈடு பற்றிப் பேச உட்காரும்போது இந்தக் கணக்குதான் மேஜைமேல் இருக்கிறது. அங்கே தகராறே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கூடையாவது பாட்டன் காலத்துக் கூடை இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். விவசாயத் தொழிலாளர் புள்ளி 1983ல் கேட்ட கணக்கின்மேல், 1986-87ஐ நூறாக வைத்து ஓடியது. 2025ல்தான் அதை மாற்றி, 2019ஐ நூறாக வைத்தார்கள். நூறு நாள் வேலைக் கூலியை வருஷா வருஷம் உயர்த்தியதும் அந்தப் பழைய புள்ளியைப் பார்த்துத்தான். 2017-18ல் நாடெங்கும் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கையோ, தரம் போதாது என்று சொல்லி 2019ல் மத்திய சர்க்கார் வெளியிடாமலே நிறுத்திவிட்டது.

ஆனால் ஒன்று. புதுக் கூடை என்றாலே நமக்கு லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலைத் தொழிலாளர் கூடையில் நூற்றுக்கு 46 பங்கு இருந்த சாப்பாடு, 2016ஐ அடிப்படையாக வைத்து 2020ல் வந்த கூடையில் 39 ஆயிற்று. சாப்பாட்டு விலை மட்டும் நூற்றுக்குப் பத்து ஏறினால், பழைய கூடையில் புள்ளி நூற்றுக்கு நாலரைக்கு மேல் ஏறும். புதியதில் நாலைத் தொடாது. அரைவயிற்றுக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

கொழும்புக் கதை நமக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பல தொழில்களுக்குப் போட்ட குறைந்தபட்சக் கூலி ஆணைகளில் பஞ்சப்படியைச் சென்னை நகரப் புள்ளியோடு கட்டியிருக்கிறார்கள். நத்தம் ரோட்டில் குடியிருப்பவனுக்குச் சென்னைக் கூடை!

ஆகவே மில் வாசலில் பஞ்சப்படி நோட்டீஸ் ஒட்டினால், தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எந்த ஊர்ப் புள்ளி, எந்த வருஷம் நூறு என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.