துப்பறியும் கதையில் ஒரு சீஃப் இன்ஜினியர்



"சிவில் படிச்சவன்தானே, அணை, பாலம்னு ஏதாவது பேசு" என்றார் செயலாளர். நான் கொலைக் கதைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் அணை வருகிறது. (ஹாஸ்டலில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தது இதெல்லாம்தான். சார் மன்னிக்கணும்.)

லாஸ் ஏஞ்சலீஸின் இருட்டை எழுதிய ரேமண்ட் சாண்ட்லர், முன்பு எண்ணெய்க் கம்பெனி அதிகாரி. 1932-ல் வேலை போனபிறகுதான் கதை எழுத உட்கார்ந்தார். 1939-ல் வந்த 'தி பிக் ஸ்லீப்' நாவலில், எண்ணெயில் சம்பாதித்த குடும்பம் மேட்டில் பங்களா கட்டி வாழ்கிறது. காணாமல் போன மருமகனின் பிணம் அதே எண்ணெய் வயலின் கழிவுக் குழியில் கிடக்கிறது.

அந்த வழியில் வந்ததுதான் 1974-ல் வெளியான 'சைனாடவுன்' படம். திரைக்கதை ராபர்ட் டௌன். ஊரில் வறட்சி, ஆனால் ராத்திரியில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். காய்ந்த நிலத்தை முதியோர் இல்லத்துக் கிழவர்கள் பெயரில் மலிவாக வாங்குகிறார்கள். நீர்த்துறை சீஃப் இன்ஜினியர், "முன்பு கட்டிய அணை உடைந்து 500 பேர் செத்தார்கள், இன்னொன்று கட்ட மாட்டேன்" என்கிறார். அவரைக் கொன்றுவிடுகிறார்கள். பிணம் கிடைப்பது நல்ல தண்ணீரில். நுரையீரலில் இருப்பதோ உப்புத் தண்ணீர்!

நிஜத்தில் அந்த ஊர் இன்ஜினியர் வில்லியம் மல்ஹாலண்ட். 1913-ல் 233 மைல் தூரம், பம்ப்பே இல்லாமல் தண்ணீர் கொண்டுவந்தவர். பிறகு செயின்ட் ஃபிரான்சிஸ் அணை. கட்டும்போதே உயரத்தைக் கூட்டினார்கள், அடித்தளத்தை அகலப்படுத்தவில்லை. 1928 மார்ச் 12 பகலில் கசிவைப் பார்த்து, "பயமில்லை" என்றார். நள்ளிரவுக்குள் உடைந்தது. 400 பேருக்கு மேல் செத்தார்கள். விசாரணையில் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டார். படத்து இன்ஜினியர் சொன்ன அந்த "மாட்டேன்" எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

காரணம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு மனைப்பிரிவு வரைபடம் வந்தது. பழைய சர்வேயில் இருந்த ஓடை அதில் இல்லை. கேட்டேன். "அதுல தண்ணி வந்து இருபது வருஷமாச்சு தம்பி" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அங்கே வீடு வாங்கிய நம் பேட்ச் நண்பர் ஒருவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு முடிந்ததும் அவரிடம் பேசணும்.