மண்ணுக்குள் மூச்சுமுட்டிய ஓர்கிட்



கடுகண்ணாவையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில், தண்ணீர்த்தொட்டிக்கு அருகே, அம்மா வளர்த்த ஓர்கிட் ஒன்று கிடந்தது. டென்ட்ரோபியம் வகை. அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகளாக அது கவனிப்பாரற்றுக் கிடந்தது என்றால் பாதிதான் உண்மை. நான் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். வாடுகிறதே என்று தோட்டத்து மண்ணையும் அள்ளிப் போட்டேன். கணவாய் வழியே ஏறிவரும் மழையும் மூடுபனியும் போதாதென்று இதுவும்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார். “தம்பி, இது மரத்தில இருக்கிற சாதி. மண்ணுக்குள்ள புதைச்சா மூச்சு முட்டாதா?” என்றார்.

உண்மைதான். நமது நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்கிட்டும் ஈரவலயக் காடுகளில் மரங்களைப் பற்றி வாழ்வதே. ஆனால் மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று. நிற்க மட்டும் இடம் கேட்கும். அதன் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்ணிற உறை உண்டு. மழைநீரை உறிஞ்சியபின் அது காற்றில் உலரவேண்டும். (காட்டிலிருந்து பிடுங்கி விற்றே இந்த வெசாக் மலரை அருகச் செய்துவிட்டோம் என்பது வேறு கதை.)

சாடியைக் கவிழ்த்து மண்ணை உதறினேன். வேர்களை விரலால் அழுத்தினால் தோல் கழன்று, நூல்போல் நரம்பு மட்டும் மிஞ்சியது. உறுதியாய் இருந்தவை நான்கே வேர்கள். கத்தியை அடுப்பில் சுட்டு, அழுகியதை வெட்டி, வெட்டுவாயில் மட்டும் கறுவாத்தூள் தொட்டு வைத்தேன். நல்ல வேரில் தூள் பட்டால் அதுவும் வறண்டுவிடும். இலையுதிர்ந்து சுருங்கிய மூன்று தண்டுகளையும் வெட்டப் போனபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். செடியின் சாப்பாடு அதற்குள்தான் இருக்கிறதாம்.

பக்கங்களில் துளையுள்ள சின்ன மண்சாடி. அடியில் ஓட்டுத்துண்டு, மேலே கரித்துண்டும், சில நாள் ஊறவைத்துச் சாயம் போக்கிய தேங்காய்மட்டைத் துண்டும். ஆடாதபடி ஒரு குச்சியில் கட்டி, காலை வெயில் இலேசாகப் படும் முன்விறாந்தையில் தொங்கவிட்டேன். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதே என்றார் அக்கா. எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அந்த ஒரு வாரந்தான்.

ஆறாவது வாரம், நான் வெட்டப் போன தண்டொன்றின் அடியில் பச்சை முனை ஒன்று தெரிந்தது.

இன்னும் பூக்கவில்லை. அம்மா இருந்தபோது என்ன நிறத்தில் பூத்தது என்று தங்கச்சியைக் கேட்டேன். ஊதா என்கிறாள். எனக்கு வெள்ளை என்றுதான் ஞாபகம்.