பத்து நாள், மூன்று மணி நேரம்

(அஞ்சுகிராமத்தில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போகும் தலைப்பைக் கேட்டதுமே எங்கள் பள்ளிக் கணித ஆசிரியை சிரித்துவிட்டார். "இன்டர்ன்ஷிப்பா? அது காலேஜ் பிள்ளையளுக்குல்லா டீச்சர். நம்ம ஒம்பதாங்கிளாசுக்கு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம். என் பத்தாம் வகுப்பில், "லீவுல யாரெல்லாம் வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. திட்டுவேன் என்று நினைத்திருப்பார்கள். "திட்ட மாட்டேன் மக்களே, சும்மா சொல்லுங்க" என்ற பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. முப்பத்து நான்கு பேரில் பதினொரு பேர். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறியவர்கள், கன்னியாகுமரியில் சங்குமாலைக் கடையில் நின்றவர்கள், நாகர்கோவில் துணிக்கடையில் சேலை மடித்தவர்கள், மாமாவோடு கேரளாவுக்கு டைல்ஸ் ஒட்டப் போனவன் ஒருவன். வேலைக்குப் போகாத பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். அதையும் நான் வேலை என்றே எழுதிக்கொண்டேன்.

ஆக, நம் பிள்ளைகள் பணியிடத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நமக்குத் தெரியாமல் போகிறார்கள், அவ்வளவுதான். நகரத்தில் ஒரு மருத்துவரின் பிள்ளை, பொறியாளரின் பிள்ளை மே மாதத்தில் அப்பாவின் நண்பர் அலுவலகத்தில் பதினைந்து நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறது. அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். நம் பிள்ளையின் அப்பாவுக்கு அப்படி ஒரு நண்பர் இல்லை. அந்த இடத்தில் ஆசிரியர் நின்றால் என்ன என்பதுதான் என் பேச்சு.

இது புதுச் சரக்கும் அல்ல. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வியைப் பேசினார். 1964-66 கோத்தாரி குழு 'பணி அனுபவம்' வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அந்தப் பிரிவு ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், பிள்ளைகளை மருத்துவமனைக்கும் பணிமனைக்கும் அழைத்துப்போன அனுபவம் உங்களுக்கு உண்டு. நான் பேசுவது அந்தப் பிரிவுக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி.

நாம் எல்லோருமே ஒரு காலத்தில் இன்டர்ன்ஷிப் போனவர்கள்தானே? பி.எட். படிக்கும்போது நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சி. (பினாயில் தயாரித்துக் காட்டியதை விட்டுவிடுவோம்.) முதல் சில நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்கினோம், குறிப்பேட்டில் எழுதினோம், பிறகுதான் சாக்பீஸ் நம் கைக்கு வந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியர் திடீரென்று வந்து பின்னால் நிற்பார். அந்த ஏற்பாட்டில் மூன்று விஷயங்கள் இருந்தன: பார்ப்பதற்கு நேரம், கேட்பதற்கு ஒரு ஆள், வந்து பார்ப்பதற்கு இன்னொரு ஆள். இதில் மூன்றாவதை நான் ஒருமுறை விட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாக இருக்காது.

முதல் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பையன். படிப்பில் சுமார், கைவேலையில் கெட்டிக்காரன். வகுப்பில் நின்றுபோன மின்விசிறியை அவன்தான் பார்ப்பான். ஒரு இருசக்கர வாகனப் பட்டறையில் பேசிவிட்டேன். உரிமையாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒருமுறை போனில் கேட்டேன், "நல்லா செய்யுதான் டீச்சர்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மே மாதம், வெயில், வீட்டில் ஒரு கல்யாணம். நான் நேரில் போகவில்லை.

பத்து நாளும் அவன் வண்டி கழுவியிருக்கிறான், டீ வாங்கி வந்திருக்கிறான். பதினொன்றாம் நாள் "நாளைக்கும் வா" என்று இருநூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க சேத்துவிட்ட எடம்தானே டீச்சர்" என்றார். அந்த அம்மா குற்றமாகச் சொல்லவில்லை, நன்றியாகத்தான் சொன்னார்.

ஆகஸ்டு வரை நடந்தேன். அவன் வரவில்லை. இன்று நன்றாகச் சம்பாதிக்கிறான், என் ஸ்கூட்டருக்கு அவன்தான் ஆயில் மாற்றுகிறான். ஆனால் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள், அது அவனிடம் இல்லை. தனித்தேர்வராக எழுதச் சொல்லி இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. மற்ற இடங்களிலும் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதன் பின் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. நாம் அனுப்புவது வேலைக்கு அல்ல, கற்றுக்கொள்ள. ஆனாலும் இந்த எல்லைக்குள் நின்றால் நமக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. அப்படித்தான் என் கணக்கு உருவானது: பத்து நாள், காலை 9.30 முதல் 12.30 வரை. பதினொன்றாம் நாள் கிடையாது. இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 நிறைந்த பிள்ளைகளை மட்டுமே அனுப்புகிறேன். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் யாரும் போவதில்லை.

இடம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். நடந்துதான். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை சந்தைப் பக்கம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். தையற்கடை, மருந்துக்கடை, ஸ்டூடியோ, இ-சேவை மையம், தபால் நிலையம், நூலகம், கால்நடை மருந்தகம், நாற்றுப் பண்ணை என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் வரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசியுங்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் குழுவுக்குள் வந்திருக்கிறார்கள். "எங்க சித்தப்பா கட அது டீச்சர்" என்று ஒருவராவது சொல்வார். பாதிக் கதவு அங்கேயே திறந்துவிடும்.

மீதிக் கதவைப் பிள்ளைதான் தட்ட வேண்டும். நான் பரிந்துரைக் கடிதம் தருவதில்லை, பிள்ளையே எழுத வேண்டும். தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் எல்லாம் மதிப்பெண்ணுக்காக எழுதித் திருத்தும் கட்டோடு போய்விடும். இந்தக் கடிதம் ஒருவர் கையில் போய்ச் சேர்கிறது. ஒரு மாணவி கால்நடை மருந்தகத்துக்கு எழுதினாள், "எங்கள் வீட்டு ஆடு போன மாதம் செத்துப்போனது. ஏன் என்று தெரியவில்லை." அதற்கு மேல் எதுவும் எழுதத் தேவை இருக்கவில்லை. மருத்துவர் மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

மறுப்பவர்களும் உண்டு. நகைக்கடையில் மறுத்தார்கள், காரணம் நமக்கே புரியும். ஒரு அலுவலகத்தில் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று மூன்று முறை நடக்க வைத்தார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு நான் அங்கே போவதை விட்டுவிட்டேன்.

மயிலாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்து ஊர். பஸ்ஸில் போகும்போதே உளிச் சத்தம் கேட்கும், நாம் அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். சிற்பக்கூடம் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது, அறுக்கும் இயந்திரத்தின் பக்கம் பிள்ளையை விட முடியாது. முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். அவள் விடவில்லை. போய்ப் பேசினேன். வரைபடம் போடும் அறை தனியாக இருந்தது. "அங்க மட்டும் இருக்கட்டும், வெட்டுற எடத்துக்கு வரவேண்டாம்" என்று அந்தப் பெரியவரே சொன்னார்.

நான்காம் நாள் நான் போனபோது அவள் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சிற்பிகளுக்கு முகத்தின் நீளம்தான் அளவு, அது ஒரு தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருப்பது அல்ல, சிலைக்குச் சிலை மாறும். ஒன்பது தாளச் சிலை என்றால் மொத்தம் 108 அங்குலம். "45 சென்டிமீட்டர்ல நவதாளம் செய்யணும்னா முகம் எவ்வளவு மக்கா?" என்று பெரியவர் கேட்க, அவள் "அஞ்சு" என்றாள். தாளில் கணக்கு எதுவும் போட்டிருக்கவில்லை. வகுப்பில் விகிதக் கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொள்பவள் அவள். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தொண்ணூறு வாங்கினாள் என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை, 52 வாங்கினாள். ஆனால் வடிவொத்த முக்கோணக் கணக்கை எந்தத் தேர்விலும் விடவில்லை என்று எங்கள் கணித ஆசிரியையே சொன்னார். தொடக்கத்தில் சிரித்தாரே, அவர்தான்.

நோட்டு ஒன்று கொடுத்துவிடுகிறேன், நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் மூன்று வரி: இன்று பார்த்தது, இன்று கேட்ட கேள்வி, புரியாதது. முதல் பக்கத்தில் என் எண், அம்மா அல்லது அப்பாவின் எண், 1098. அந்த எண் எதற்கு என்பதை எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இப்போது இரண்டு முறை நேரில் போகிறேன், ஒருமுறை சொல்லாமல். 'புரியாதது' என்ற வரி மூன்று நாள் தொடர்ந்து காலியாக இருந்தால் பிள்ளைக்கு அங்கே எதுவும் காட்டப்படவில்லை என்று பொருள். அன்றே இடத்தை மாற்றிவிடுகிறேன்.

பணம் பற்றி. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பையன்களுக்குப் பள்ளி பஸ் பாஸ் விடுமுறையில் உதவாது. பத்து நாள் போக வர ஆகும் செலவு நமக்குச் சிறிது, அந்த வீட்டுக்குச் சிறிது அல்ல. அதனால் பையன்களுக்கு நடக்கும் தூரம், அல்லது சைக்கிள் தூரம். இன்னொன்று, வேலைக்குப் போனால்தான் ஜூனில் நோட்டும் பையும் வாங்க முடியும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளையிடம் "சம்பளம் வேண்டாம், கற்றுக்கொள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் அப்படிப்பட்டவர்கள். அவர்களிடம் எங்கே போகிறார்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன், ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் போனில் இப்போது "வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உண்டு" என்று செய்திகள் வருகின்றன. 499 ரூபாய் கட்டினால் சான்றிதழ். கற்றுக்கொடுக்கக் காசு கேட்பது வேறு, சான்றிதழுக்குக் காசு கேட்பது வேறு என்று வகுப்பில் ஒரு பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

உண்மையிலேயே கிடைக்கக்கூடிய பெரிய வாய்ப்பு ஒன்று உண்டு, அதை நாம்தான் தவறவிடுகிறோம். இஸ்ரோ 2019 முதல் நடத்தும் 'யுவிகா'. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடையில் இரண்டு வாரம், இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் பயிற்சி. அந்த மையங்களில் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் ஒன்று. பயணம், தங்கல், சாப்பாடு அவர்கள் பொறுப்பு. தேர்வில் பாதி மதிப்பு எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு. மீதியில் இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர், என்.சி.சி. போன்றவை வரும். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கே தனி மதிப்பு உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நாமோ அந்த நேரத்தில் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் மூழ்கியிருக்கிறோம், ஒன்பதாம் வகுப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. என் வகுப்பில் இதுவரை இரண்டு பேர்தான் விண்ணப்பித்திருக்கிறார்கள். இருவரும் தேர்வாகவில்லை. வினாடி வினாவுக்காகப் படித்த ராக்கெட் பாடத்தை அவர்களே ஏழாம் வகுப்புக்கு நடத்தினார்கள்.

பெற்றோருக்கான ஒப்புதல் படிவமும் நோட்டின் மாதிரிப் பக்கமும் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு எதிரே இருக்கும் தையற்கடை அக்கா இந்த மே மாதத்துக்கு இரண்டு பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். அளவெடுப்பதும் தாளில் வெட்டுவதும் அவரே சொல்லிக்கொடுப்பார். என் வகுப்பில் ஒருத்திதான் போகிறாள். இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. உங்கள் பள்ளியில் பதினான்கு நிறைந்த பிள்ளை யாராவது இருந்தால், பையனாக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள்.